நாற்பத்திரண்டாவது பெயர்

தங்கச்சி, இந்தப் பஸ் ஆலங்கரை ஸ்கூல் வாசலில் நிற்கும்தானே? கண்டக்டர் அண்ணாச்சியிடம் ரெண்டு தடவை கேட்டுவிட்டேன். மூணாவது தடவை கேட்டால் நடுவழியில் இறக்கி விட்டுவிடுவார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நிற்குமா? சரி. நிற்கும். சரி.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. நான் ஒல்லியான ஆள்தான், ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டும். வீட்டுக் கதவைப் பூட்டினேனா இல்லையா என்று வேறு தெரியவில்லை. சாவி இடுப்பில் இருக்கிறது. சாவி இடுப்பில் இருந்தால் பூட்டியதாக அர்த்தமா? பூட்டாமலும் செருகிக்கொள்ளலாமே. அதை விடுங்க.

நான் ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளப் போகிறேன். பையை இழுத்து மடியில் வைக்காதீங்க, உங்கள் பையை நான் தொட மாட்டேன். நான் திருடியது என் மகளுடைய பெயரை.

பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டுக்கு ஹெட்மாஸ்டர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். அனுப்பிவிட்டால் போச்சு. சனிக்கிழமை என் மகள் அபிநயா, மாவட்டம் முழுக்க இருந்து வருகிற படிப்பாளிப் பிள்ளைகளுக்கு நடுவே மேடையில் உட்கார்ந்து அறிவியல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெற்ற நானே சொல்கிறேன். எதிரொலி கேட்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று கேட்டால், "எதுக்கு?" என்பாள். பதினேழு புள்ளி இரண்டு மீட்டர், தங்கச்சி. அதற்குக் குறைந்தால் சத்தம் திரும்பி வருவது நம் காதுக்குப் பிரிந்து தெரியாது. இதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

அதே சனிக்கிழமை அவளுக்கு வளையப்பந்துப் போட்டி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மூணு வருஷமாக அந்த ரப்பர் வளையத்தை எறிந்து பிடித்து, எறிந்து பிடித்து, இந்த வருஷம்தான் அணியில் எடுத்திருக்கிறார்கள். அவள் தூங்கும்போதுகூடக் கை விரல் வளையத்தைப் பிடிக்கிற மாதிரிதான் மடங்கி இருக்கும். அந்தப் போட்டியும் போய், மேடையில் ஏறி மானமும் போய்... எல்லாம் என்னால். இந்த வலது கைச் சுண்டுவிரலால்.

சுண்டுவிரல் ஏன் என்று கேளுங்க. மற்ற விரலெல்லாம் பீடித்தூள். நான் பீடி சுற்றுகிறேன். நீங்க ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற மாதிரி இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டின இலையும், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடம்தான். பத்து விரலில் இந்த ஒன்றுதான் சுத்தமாக இருக்கும். அதுவும் சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு எங்களை எல்லாம் கூப்பிட்டார்கள். வகுப்பில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. மாட்டியிருந்தார்கள். ஜெசிந்தா டீச்சர் அறிவியல் எடுப்பவர். குச்சி மாதிரி இருப்பார், குரல் மட்டும் மார்க்கெட் வரை கேட்கும். அவர் சொன்னார்: "இனிமே பாடத்தை முந்தின நாள் சாயங்காலமே நான் வீடியோவா அனுப்பிருவேன். பிள்ளைங்க வீட்டுலயே பாத்துட்டு வரணும். வகுப்புல நாம செஞ்சு பாப்போம். வீடியோவுக்குக் கீழ அஞ்சு கேள்வி இருக்கும். மறுநாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பதில் சொல்லலாம்."

நான் எழுந்து நின்று கேட்டேன். "டீச்சர், பொம்பளப் பிள்ளை கையில போனைக் குடுத்தா கெட்டுப் போயிராதா?"

"கெட்டுப் போவுதான்னு நீங்க கூட உக்காந்து பாருங்கம்மா" என்றார்.

பார்த்தீங்களா? ஆரம்பித்து வைத்தது யார்? நானா? நான் பாட்டுக்குப் பாதுகாப்புக்காகத்தான் பார்த்தேன். எனக்குப் படிப்பில் எல்லாம் ஆசை கிடையாது. ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவள். அம்மாவுக்கு அடுத்த பிரசவம், வீட்டில் ஆள் வேண்டும், நின்றுவிட்டேன். அழவெல்லாம் இல்லை. நெம்புகோல் பாடம் பாதியில் நின்றது, அவ்வளவுதான். தாங்குபுள்ளி வரைக்கும் வந்திருந்தோம்.

முதல் வீடியோவை அபிநயா பள்ளிக்கூடம் போன பிறகு, தூள் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கெட்ட விஷயம் ஏதும் வருகிறதா என்று கவனமாகப் பார்த்தேன். முழுதும் பார்த்தேன். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை பார்த்தேன். கெட்ட விஷயம் ஒன்றும் வரவில்லை. எலக்ட்ரான்தான் வந்தது. அது சுற்றிக்கொண்டே இருக்கிறது தங்கச்சி, நிற்பதே இல்லை. என்னைப் போல.

கடைசியில் அஞ்சு கேள்வி. கேள்வி வருவதற்கு முன்னால் ஒரு பட்டியல் வரும். "பதில் சொல்வது யார்?" என்று கேட்கும். கீழே நாற்பத்தோரு பிள்ளைகளுடைய பெயர். நம் பெயரைத் தொட்டால்தான் உள்ளே விடும். என் பெயர் அதில் எங்கே இருக்கிறது? கேள்வி என்னதான் கேட்கிறார்கள், அதில் ஏதாவது ஏடாகூடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அபிநயா பெயரைத் தொட்டேன். ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்தேன்.

அஞ்சுக்கு அஞ்சு. திரையில் கலர் கலராகக் காகிதப்பூ கொட்டியது. யாரோ கைதட்டினார்கள். போனுக்குள்தான். எங்கள் வீட்டில் எனக்கு யாரும் கைதட்டினது இல்லை. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒரு தட்டு தட்டினேன். தூள் எல்லாம் பறந்து தும்மல் வந்துவிட்டது.

மறுநாள் "இன்றைக்கும் கெட்டது எதுவும் வருகிறதா" என்று பார்த்தேன். அதற்கு மறுநாளும். வேலை எல்லாம் முடித்து, ஆட்டுக்குத் தழை போட்டு, காலையில் பதினொரு மணிக்குத் தட்டை எடுத்து உட்கார்ந்தால் வீடு அமைதியாக இருக்கும். அபிநயா பள்ளிக்கூடத்தில், அவள் அப்பா டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில். நானும் ஜெசிந்தா டீச்சரும் மட்டும். அவர் கேட்பார், நான் சொல்வேன். புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் கறுப்புக் கட்டம் ஒன்று அச்சடித்திருக்கும் பாருங்க, நான் அதை மை கொட்டிவிட்டது என்று நினைத்திருந்தேன். அதன் மேல் போனைக் காட்டினால் அது ஒரு வீடியோவைத் திறக்கிறது! அபிநயாவுடைய பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக்கூடப் பரணில் இருந்து எடுத்துத் தேடினேன். நெம்புகோல் இல்லை. பாடத்தை மாற்றிவிட்டார்கள். அப்புறம் வேறு இடத்தில் கிடைத்தது. சும்மாதான் பார்த்தேன்.

பீடிதான் கெட்டது. கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "என்ன முப்பிடாதி, ஒண்ணு முருங்கைக்காய் மாதிரி இருக்கு, ஒண்ணு ஊசி மாதிரி இருக்கு?" என்றார்.

"அது மிதத்தல் பாடம் நடந்த அன்னைக்குச் சுத்துனது அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எதிரொலிப் பாடம் வந்தபோதுதான் ஊரே சிரித்துவிட்டது. சொல்லவா? நேரம் இருக்கிறதா? டீச்சர் வீடியோவில், "வீட்டுப் பக்கத்துல பெரிய சுவர் இருந்தா செஞ்சு பாருங்க" என்றார். எங்கள் தெரு முடிவில் மூடிக் கிடக்கிற ரைஸ்மில் ஒன்று இருக்கிறது. மொட்டைச் சுவர், இரண்டு ஆள் உயரம். அதிலிருந்து ஒவ்வொரு அடியாக எண்ணிப் பின்னால் நடந்தேன். பதினேழு மீட்டருக்குக் கொஞ்சம் தாராளமாகவே முப்பது எட்டு வைத்தேன். என்ன கத்துவது? வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்த முடியுமா? மகள் பெயரைக் கத்தினால் யாராவது அவளைப் போய்க் கூட்டி வருவார்கள். சரி, நம் பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று, தலைமுடி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல், ரெண்டு கையையும் விரித்து, "முப்பிடாதீ!" என்று கத்தினேன்.

வந்தது, தங்கச்சி! சுவர் என்னைக் கூப்பிட்டது. "முப்பிடாதீ!" என்று. அச்சு அசலாக. எனக்கு ஒரே சந்தோஷம். மறுபடி கத்தினேன். மறுபடி கூப்பிட்டது. குதித்துக் குதித்துக் கத்தினேன்.

முப்பிடாதி எங்கள் ஊர் அம்மன் பெயர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பால்காரி செல்லக்கனி மதினி தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பின்னால் நாலு பேர். ஒருத்தி வேப்பிலையை ஒடித்து வந்துவிட்டாள். செல்லக்கனி என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பி, "தாயி, வந்தது யாரு? சொல்லு தாயி" என்றாள்.

"ஒலி" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"என் மருமவ கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா. எப்பத் திரும்பி வருவா தாயி?"

"பதினேழு புள்ளி ரெண்டு மீட்டர் போனா திரும்பி வரும்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. நான் சொன்னது சத்தத்தை.

பதினேழாவது நாள் அந்த மருமகள் பெட்டியோடு வந்து நிற்கிறாள்! நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து செல்லக்கனி எனக்கு ஒரு கரண்டி பால் கூடவே ஊற்றுகிறாள். வேண்டாம் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

சிரிங்க, சிரிங்க. இப்போது பாவத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் அந்தப் பெரிய டி.வி.யில் பட்டியலைப் போடுவார்களாம். அபிநயா பெயர் முதலில். எல்லோரும் கைதட்டுவார்களாம். அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் கைதட்டலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வளையத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். நான் கேள்வியைப் பார்த்துக்கொண்டேன், அவள் வளையத்தைப் பார்த்துக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி ஒன்றும் தெரியாத மாதிரி சோறு தின்றோம். அவள் அப்பாதான் பாவம். "என் மூளை அப்படியே வந்திருக்கு" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லி, முட்டைப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அதை நானும் தின்றேன். எனக்கும் பங்கு உண்டுதானே.

ஒன்று மட்டும் அபிநயா சொன்னாள். "கைதட்டச் சொல்லும்போது ஜெசிந்தா டீச்சர் என்னையப் பாத்து ஒரு மாதிரி சிரிக்காங்கம்மா." பெருமையில் சிரிப்பார், வேறென்ன? ஒரு நாள் டீச்சர் ஆறாவதாக ஒரு கேள்வி போட்டார். குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது, வெயிட் போடாமல் விட்டால் ஏன் நேரமாகிறது என்று. மொத்த வகுப்பிலும் நான் ஒருத்திதான் சரி. அந்தப் பிள்ளைகள் என்றைக்கு அடுப்படிக்குப் போயின?

போன வாரம் டீச்சர் ஏதோ பயிற்சி என்று மதுரைக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மாவட்டப் போட்டிக்கு ஒரு பெயர் கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம். ஹெட்மாஸ்டர் ஒன்பதாம் வகுப்புக்குள் வந்தார், டி.வி.யைப் பார்த்தார், முதல் பெயரை எழுதிக்கொண்டார், போய்விட்டார். சனிக்கிழமை. அதே சனிக்கிழமை.

நேற்று சாயங்காலம் அபிநயா பையை வீசி எறிந்தாள். "நீ படிச்சதுக்கு நான் போயி மேடையில முழிக்கணுமா? மூணு வருஷம்மா! மூணு வருஷம்!"

"ஏட்டி, நான் ரெண்டு நாள்ல எல்லாத்தையும் சொல்லித் தாரேன். எதிரொலி ஒண்ணும் கஷ்டமில்ல, வா, ரைஸ்மில்லுக்குப் போவோம்."

"யம்மா!" என்று கத்தினாள் பாருங்க, அதற்கு ரைஸ்மில்லே வேண்டாம். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். "நீ வாயைத் திறக்காத. உன்மேல ஒண்ணும் வரக் கூடாது. நாளைக்கு டீச்சர் வந்துருவாங்கல்லா, நானே வந்து சொல்லுதேன்" என்றேன். காலையில் அவள் பள்ளிக்கூடம் போனாள். நான் பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

டி.சி. கொடுத்துவிடுவார்களோ, தங்கச்சி? போலீஸ் வரைக்கும் போகாதுதானே? எனக்கு இன்னொரு பயம். ஒருநாள் ரெண்டுநாள் என்றால் பரவாயில்லை. நான் மற்ற பிள்ளைகளை விட ரொம்பக் கூட எடுத்துவிட்டேன். இதோ, நேற்றையப் பட்டியலைப் பாருங்க. பெயருக்குப் பக்கத்தில் அஞ்சுக்கு எத்தனை என்று இருக்கிறதா? அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு மார்க் போடுகிறார்கள். ஆஷிக் என்று ஒரு பையன், ரெண்டாவது இடம், அவனுக்கு ஏழு புள்ளி நாற்பது. இந்தப் பிள்ளைக்கு எட்டு புள்ளி பத்து. ஆறு புள்ளி அம்பது. அபிநயாவுக்கு மட்டும் பதினொன்று புள்ளி ஏழு! தினமும் பதினொன்றுக்குக் குறைந்ததே இல்லை. யாரும் கிட்டவே வர முடியவில்லை.

என்ன?

என்ன சொன்னீங்க? மணியா?

காலை பதினொன்று ஏழு... பதில் சொன்ன நேரமா அது?

அட கடவுளே. பதினொன்று ஏழுக்கு அபிநயா டீச்சர் கண் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளே! போனைப் பள்ளிக்கூடத்துக்குள் விடவே மாட்டார்களே! அப்படியானால் டீச்சருக்கு ஜூன் மாதமே... அந்தச் சிரிப்பு... அந்தக் குக்கர்! தங்கச்சி, அந்தக் குக்கர் கேள்வி எனக்கா போட்டது? அது ஒன்பதாம் வகுப்புக்கு இல்லையா? எனக்குப் போட்டதா?

தண்ணீர் இருக்கிறதா? ஒரு வாய் கொடுங்க. இத்தனை நாள் நான் ஒளிந்துகொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார். நான் நைட்டியில் உட்கார்ந்திருந்தேன். சரி, அது தெரிந்திருக்காது. தெரிந்திருக்காதுதானே?

இருங்க, போன் சத்தம் போடுகிறது. வகுப்புக் குழுவில்தான். ஜெசிந்தா டீச்சர்தான்! நானே படிக்கிறேன், சரியா என்று நீங்க பார்த்துக்கொள்ளுங்க. "சனிக்கிழமை மாவட்ட வினாடி வினாவுக்கு நம் வகுப்பிலிருந்து முகமது ஆஷிக். வளையப்பந்து அணியில் அபிநயா. இருவருக்கும் வாழ்த்துகள்."

போச்சு, அவளே போய்ச் சொல்லிவிட்டாள்! வாயைத் திறக்காதே என்றேனே. எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டாள், கழுதை. என் தங்கம். என் ராசாத்தி. விளையாடப் போகிறாள், தங்கச்சி! சனிக்கிழமை விளையாடப் போகிறாள்!

ஆனால் ஆஷிக்கா? அவன் எதிரொலியில் மூணுதான் வாங்கினான்.

இன்னும் ஏதோ வந்திருக்கிறது. இன்றைக்கு உள்ள கேள்வி. இப்போது எதற்கு அதைத் திறக்க வேண்டும்? நான் விட்டுவிட்டேன். நேற்றே பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன், இனி அவள் பெயரைத் தொட மாட்டேன் என்று. சும்மா திறந்து பார்க்கிறேன். கெட்டது ஏதும் இருக்கிறதா என்று.

இதோ பட்டியல். ஆஷிக் முதலில். அபிநயா எங்கே... கீழே, கீழே... நாற்பத்தொன்று. சுழியம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். அதற்குக் கீழே எதற்கு இன்னொரு வரி? நாற்பத்தோரு பிள்ளைகள்தானே?

நாற்பத்திரண்டு. சு. முப்பிடாதி.

சு. எங்கள் அப்பா சுடலைமுத்து. ரேஷன் கார்டில், ஆதாரில், பீடி பாஸ்புக்கில், எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த "சு" ஏழாம் வகுப்பு அட்டெண்டன்ஸோடு நின்றுபோன எழுத்து. இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரட்டும், அவளை...

சுழியமா? எனக்கா சுழியம்? நாற்பத்திரண்டாவது இடமா? எதிரொலி யார் செய்து பார்த்தது? அப்படியே ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி பெரிய டி.வி.யில் போடுவார்களே! நாளைக் காலையில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்குமே!

கொஞ்சம் இந்தக் கூடையைப் பிடிங்க. ஆடாமல் உட்காருங்க. தொட்டுவிட்டேன். என் பெயரைத்தான் தொட்டேன், பாருங்க, திறக்கிறது! முதல் கேள்வி, இது சுலபம். ரெண்டு. இதுவும். மூணு... இருங்க... ஆம். நாலு.

என்ன அண்ணாச்சி? ஆலங்கரை ஸ்கூலா? வந்துவிட்டதா? தெரியும், தெரியும், இறங்குகிறேன். விசிலை ஊதாதீங்க. ஒரே ஒரு கேள்வி. பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு நிமிஷத்தில் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இதை முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். அடுத்த ஸ்டாப்பில் விட்டாலும் சரி, நடந்து வந்துகொள்கிறேன்.

தங்கச்சி, நீங்க எட்டிப் பார்க்காதீங்க. உதடு அசைகிறது பாருங்க, உங்களுக்குப் பதில் தெரிகிறது. சொல்லாதீங்க. எனக்கும் தெரியும், கொஞ்சம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிடாதீங்க, தாயே. இது என் பெயரில் போகிறது.